தீவட்டிப்பட்டிக்கு முன்னால் சிதறிய வெங்காயம்

2016 ஆகஸ்ட். நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வந்துகொண்டிருந்தேன். பத்துச் சக்கர வண்டி. கிளம்பி மூன்றாவது நாள். கிளீனர் பையனுக்குப் பெல்காமில் காய்ச்சல் கண்டுவிட்டது. அவனைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் வந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு மண்டி வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்று ஹூப்ளியிலிருந்தே போன் மேல் போன்.

ஓசூர் தாண்டும்போது இரவு பதினொன்றரை. கிருஷ்ணகிரி டோல்கேட்டிலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு முடியாது என்று. கண் எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், எந்தக் கியரில் ஓடுகிறோம் என்பதையே கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சரி, ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போவோம் என்று காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு பங்க்கில் திருப்பினேன். வாசல் வரைக்கும் வண்டி. "எடமில்லீங்கண்ணா, அடுத்த பங்க் பாருங்க" என்றான் நைட் டூட்டி பையன். அடுத்த பங்க்கில் சங்கிலி போட்டிருந்தார்கள். அப்புறம் வந்த லே பையில், அதாவது லாரி நிற்க ரோட்டோரம் ஒதுக்கிய இடத்தில், லாரிகள் இரண்டு வரிசையாக நின்று, கடைசி வண்டியின் பின்பக்கம் ரோட்டிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. தருமபுரி பைபாஸில் வேறு வழியில்லாமல் ரோட்டோரமாகவே நிறுத்தி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ரோந்து ஜீப் வந்துவிட்டது. "இங்க நிறுத்தக் கூடாது, எடு." அவர் சொன்னது சரிதான். அந்த இடத்தில் நிறுத்தியது என் தப்பு. ஆனால் வேறு எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு அவரும் கையைத் தெற்கே காட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

தொப்பூர் கணவாயில் தூக்கமே வரவில்லை. அங்கே யாருக்கும் வராது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அந்த இறக்கத்தில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. கியரில் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக் உறும, ரெட்டைப் பாலம் தாண்டும் வரைக்கும் பயமே ஆளை விழிக்க வைத்துவிடும். கணவாய் முடிந்தது. நேர் ரோடு வந்தது. பிரேக் லைனர் சூட்டு வாடை கேபினுக்குள் அடித்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை.

அடுத்து நினைவிருப்பது இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம். தீவட்டிப்பட்டிக்கு முன்னால் இடது பக்கத் தடுப்பை உரசிக்கொண்டே நாற்பது ஐம்பது அடி போயிருக்கிறேன். இடது கண்ணாடியைக் காணோம். டூல் பாக்ஸ் பிய்ந்து தொங்கியது. பக்கப் பலகை விட்டுப்போய், மூன்று மூட்டை கிழிந்து, வெங்காயம் ரோடு முழுக்க உருண்டது. மணி மூன்று இருபது. பின்னால் வந்த டேங்கர் ஹாரனை அழுத்திக்கொண்டே விலகிப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போனின் டார்ச்சைப் போட்டு வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து வெங்காயம் பொறுக்கினேன். நெடுஞ்சாலையில், ராத்திரி மூன்றரை மணிக்கு, கறுப்புச் சட்டையோடு. ஹசார்டு லைட் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தூக்கம் கெட்டவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

தடுப்புக்கு, கண்ணாடிக்கு, பாடி வேலைக்கு, மூட்டைக்கு என்று 27,000 ரூபாய் என் கணக்கில் ஏறியது. நடைக்கு இவ்வளவு என்று பிடித்துக் கழித்தார்கள். ஆளுக்கு அடியில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டியைப் பாடி வேலைக்காகச் சங்ககிரியில் விட்டிருந்தேன். அங்கே பட்டறை வாசலில் டீக்கடை. எழுபது வயதிருக்கும் பழைய டிரைவர் ஒருவர் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏங் கண்ணு, டீசல் எங்க போடோணும்னு கெளம்பறப்பவே தெரியுமல்ல?"

"தெரியுங்க."

"சாப்பாடு எங்கன்னு?"

"தெரியுங்க."

"படுக்கறது எங்கன்னு?"

நான் டீ கிளாஸைப் பார்த்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். நாற்பது பக்க நோட்டு ஒன்று டேஷ்போர்டில் இருக்கும். எந்தப் பங்க்கில் எத்தனை வண்டி நிற்கும், இரவு எத்தனை மணிக்கு நிறையும், கழிப்பறை உண்டா, வாட்ச்மேன் உண்டா என்று எழுதிவைப்பேன். முக்கியமாக, எந்தப் பக்கம் என்று. சேலத்திலிருந்து போகும் பக்கமா, சேலத்துக்கு வரும் பக்கமா? நாலு வழிச் சாலையில் எதிர்ப்பக்கம் பத்து ஏக்கர் மைதானம் இருந்தாலும் நமக்குப் பிரயோஜனமில்லை; அடுத்த பாலம் வரை போய்த் திரும்பி வந்து, படுத்து எழுந்து, மறுபடி திரும்ப வேண்டும். எந்த டிரைவரும் அதைச் செய்ய மாட்டான். கூகுள் மேப் இந்த விஷயத்தில் பாதி உதவிதான். பங்க் இருப்பதைக் காட்டும், பங்க்குக்குப் பின்னால் இடம் இருப்பதைக் காட்டாது.

நோட்டில் எழுத எழுத ஒன்று பிடிபட்டது. நல்ல இடமெல்லாம் இரவு பத்து, பத்தரைக்குள் நிறைந்துவிடுகிறது. நான் தூக்கம் வந்த பிறகு, ஒரு மணிக்கு மேல் இடம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்கு மிச்சமிருப்பது ரோட்டோரம் மட்டும்தான். அதனால் இப்போதெல்லாம் தூக்கம் வரவில்லை என்றாலும் பத்து மணிக்குள் ஏதாவது ஓர் இடத்தில் நுழைந்துவிடுவேன். சாப்பிட்டுப் படுத்தால் இரண்டரை, மூன்றுக்குத் தானாக விழிப்பு வரும். விழித்தவுடன் சாவியைத் திருப்பாமல் இறங்கி, பத்துச் சக்கரத்தையும் தட்டிப் பார்த்து, கயிறு இழுத்துப் பார்த்து, முகம் கழுவி, அதற்கப்புறம்தான் ஏறுவது. எழுந்த முதல் பதினைந்து இருபது நிமிஷம் மூளை பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். டயர் தட்டும் வேலை அந்த நேரத்தைக் கடத்தத்தான்.

எல்லா டிரைவரும் சொல்வது, "நமக்கு ராத்திரி ஓட்டிப் பழக்கம்" என்று. நானும் சொன்னவன்தான். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பே தூக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நேரம். இருபது வருஷம் ஓட்டினாலும் அது மாறாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. நாலு வினாடி கண் சொருகினால் 66 மீட்டருக்கு மேல் டிரைவர் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவனைப் போலத் தடுமாறுகிறான் என்று சோதித்தே கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 0.03 தாண்டினாலே கேஸ். ஊதச் சொல்லிப் பிடிக்க மெஷின் இருக்கிறது, தூக்கத்தைப் பிடிக்க இல்லை. நான் அன்றைக்கு விழித்தது முந்தைய நாள் விடியற்காலை ஐந்துக்கு.

தூக்கத்தை விரட்டும் வித்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். பச்சை மிளகாயைக் கடிப்பது, புகையிலையை ஒதுக்கிக்கொள்வது, தலையை வெளியே நீட்டுவது, பாட்டை அலற விடுவது. ஒரு தடவை தைலத்தைக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு ஓமலூரிலிருந்து கரூர் வரை அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறேன். எல்லாம் பத்து நிமிஷம். இரவில் போலீஸ் நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுப்பதும் அப்படித்தான். நல்ல மனசுதான், மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அடுத்த நிறுத்தத்தை எட்டிப் பிடிக்கத்தான் அது உதவும், ஊர் போய்ச் சேர அல்ல. எனக்குத் தெரிந்து பலன் தருவது ஒன்றுதான்: டீயோ காப்பியோ குடித்துவிட்டு உடனே படுத்து, இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துக் குட்டித் தூக்கம் போடுவது. டீ உடம்பில் ஏற அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். அதுகூட ஒரு முறைதான், இராத்தூக்கத்துக்கு ஈடில்லை. சளி மாத்திரை போட்டிருந்தால் இதெல்லாம் எடுபடாது. மருந்துக் கடையில் கேட்கும்போதே வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லி வாங்க வேண்டும்.

ஏற்காட்டு ரோட்டில் கொஞ்ச காலம் சின்ன லாரியில் சிமென்ட் ஏற்றினேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு நாளும் மலையில் கண் சொருகியதில்லை. அடிவாரம் இறங்கிக் கோரிமேடு வரும்போது, வெயிலும் நேர் ரோடும் சேர்ந்து அமுக்கும் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. தொப்பூரிலும் எனக்கு நடந்தது அதுதான். கஷ்டமான ரோடு முடிந்ததும் உடம்பு தானாகத் தளர்கிறது. ஆகவே கணவாய்க்கு முன்னால் படுத்துவிட வேண்டும். இறங்கிவிட்டுப் படுக்கலாம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, டிரைவர் ஏன் பகலில் தூங்குவதில்லை? மண்டியில், குடோனில், கூட்ஸ் ஷெட்டில் பகல் முழுக்கச் சும்மாதானே நிற்கிறான் என்று கேட்பவர்கள் உண்டு. சேலம் லீ பஜார் மண்டிப் பக்கம் சித்திரை வெயிலில் ஒரு மதியம் கேபினுக்குள் படுத்துப் பார்க்கட்டும். மூக்கில் மிளகாய் நெடி. கீழே இன்ஜின் சூடு, மேலே தகரச் சூடு. அரை மணிக்கு ஒரு தடவை "வண்டிய ரெண்டடி முன்னால எடுப்பா" என்று தட்டுவார்கள். புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று 2025இல் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். எங்களைப் போலப் பழைய வண்டி ஓட்டுபவர்களுக்கு ஈரத்துண்டுதான் ஏசி.

முன்பெல்லாம் கூட ஓர் ஆள் இருப்பான். வெளிமாநிலம் ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்று சட்டத்திலேயே இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். யதார்த்தத்தில் அதற்கு முன்பே பலர் ஒற்றை ஆளாகத்தான் ஓடினோம். கிளீனர் வேலைக்கும் இப்போது பையன்கள் வருவதில்லை. வரக்கூடாது என்றுதான் என் மகனுக்கும் சொல்கிறேன். நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. அது நான் பிறப்பதற்கு முன்னாலேயே வந்த சட்டம். ஆனால் அந்த அரை மணி ஓய்வை எந்த இடத்தில் நின்று எடுப்பது என்று சட்டத்தில் எழுத முடியாதல்லவா.

இடத்துக்கு வருவோம். பங்க்கில் நிறுத்துவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. முதலில் அங்கே டீசல் போட வேண்டும், கொஞ்சமாவது. அப்புறம் நைட் டூட்டி ஆளிடம் கேட்டு, எத்தனை மணிக்கு எடுப்போம் என்று சொல்லி, பின்பக்கமாக நிறுத்த வேண்டும். காற்றுப் பிடிக்கும் இடத்தையும் டேங்கர் இறக்கும் இடத்தையும் மறிக்கக் கூடாது. இரண்டு தடவை இப்படி நடந்துகொண்டால் மூன்றாவது தடவை அந்தப் பையனே போன் நம்பர் தருவான். காரிமங்கலம் பக்கம் ஒருவர் எனக்கு அப்படிப் பழக்கம். கிருஷ்ணகிரி வரும்போதே கூப்பிட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். டோல்கேட் தாண்டியதும் ஓரமாக அகலமாக இருக்கும் இடமும் பரவாயில்லை. வெளிச்சம், கேமரா, கழிப்பறை, ஆம்புலன்ஸ், கிரேன் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். சத்தம்தான் தாங்காது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். கோவை ரோடு என்றால் சங்ககிரியில் தெரிந்த பட்டறைகள் உண்டு. எடை மேடை வைத்திருப்பவர்களும் கேட்டால் இடம் விடுவார்கள். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

ரோட்டோரம் மட்டும் வேண்டாம். 2023 செப்டம்பரில் சங்ககிரி பக்கத்தில், விடியற்காலையில், ஓரமாக நின்ற லாரியின் பின்னால் ஆம்னி வேன் மோதி ஆறு பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஸ்டாண்டில் யாரும் பேசவில்லை. நாங்கள் எல்லோருமே எப்போதாவது அப்படி நிறுத்தியவர்கள்தான். வேன் ஓட்டுபவனுக்கும் அதே விடியற்காலைத் தூக்கம். நிற்கும் வண்டியை ஓடும் வண்டி என்று நினைத்து நேராக வருவான். பிரேக்டவுனாகி நிற்க வேண்டி வந்தால் இருபக்க இண்டிகேட்டரும் எரிய வேண்டும், முக்கோணப் பலகையைப் பின்னால் நல்ல தூரத்தில் வைக்க வேண்டும், நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் போட வேண்டும். பின்பக்க ஒளிரும் பட்டையில் அப்பியிருக்கும் சேற்றை டீக்கடையில் நிற்கும்போது ஒரு துணியால் துடைத்தால் போதும், யாரும் செய்வதில்லை. நம்மாட்கள் மரக்கிளையும் கல்லும் வைப்பார்கள். வண்டி சரியானதும் கிளம்பிவிடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். பைக்கில் வருபவன் அதில் விழுவான். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இருட்டான இடத்தில் நிறுத்தாததற்கு இன்னொரு காரணம் டீசல் திருட்டு. காலையில் பார்த்தால் டேங்க் காலியாகி இருக்கும், இல்லையென்றால் பேட்டரி போயிருக்கும், தார்பாயைக் கிழித்திருப்பார்கள். டேங்க் பக்கம் சுவரையோ இன்னொரு வண்டியையோ ஒட்டி இருக்கும்படி நிறுத்துவது என் வழக்கம். கதவைப் பூட்டிக்கொண்டாலும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். மூடிய கேபினில் கொசுவத்தி கூடாது. ஏசிக்காக இன்ஜினை ஓட விட்டு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு தூங்குவது அதைவிட மோசம். புகை எந்த இடுக்கில் உள்ளே வரும் என்று தெரியாது, வந்தால் எழுந்திருக்க மாட்டோம்.

லாரி டிரைவர்களுக்காக ஆயிரம் ஓய்வு மையம் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். எண்ணெய்க் கம்பெனிகள் பங்க்குகளில் 'அப்னா கர்' என்று கட்டில், குளியலறை, சமைக்க இடமெல்லாம் வைத்துத் திறந்துகொண்டு வருகின்றன. ஒரு தடவை படுத்திருக்கிறேன், சுத்தமாகவே இருந்தது. ஆனால் ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன். லோடு என் பொறுப்பு, வேறு எப்படி? கட்டில் இல்லாவிட்டாலும் நாங்கள் தூங்குவோம். சீட்டுக்குப் பின்னாலேயே படுக்கை இருக்கிறது. வண்டி நிற்கத்தான் இடம் வேண்டும். சமதளம், விளக்கு, தண்ணீர், ஒரு காவலாளி. பத்து கட்டில் போடும் செலவில் ஐம்பது வண்டி நிற்க மண்ணைச் சமப்படுத்தினால் என்னைக் கேட்டால் அதுதான் பெரிய உதவி.

கடைசியாக ஆபீஸ் ஆட்களிடம் பேசுவது. ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே போகும்போதெல்லாம் "இ-வே பில் முடிஞ்சிடும், சீக்கிரம் போ" என்று விரட்டுவார்கள். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு அது, இத்தனை நாள்தான் செல்லும் என்று தேதி இருக்கும். பில்லை எடுத்துப் பார்த்தேன். 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. புனே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஆறு நாள் தருகிறார்கள். வழியில் ஏதாவது ஆனாலும், முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ நீட்டித்துக்கொள்ளலாம். அதைச் சொன்ன பிறகு என்னிடம் யாரும் பில்லைக் காட்டி விரட்டுவதில்லை. லோடு ஏற்றும்போதே "காலைல பத்து மணிக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு நடை அதனால் கைவிட்டுப் போனது உண்மைதான்.

போன மாதம் அக்கா மகன் போன் பண்ணினான். அவனும் இப்போது ஓட்டுகிறான். இரவு பன்னிரண்டரை.

"மாமா, ஓமலூர் வந்து படுத்துக்கட்டுங்களா? நாலு மணிக்கு வரச் சொல்றாங்க."

"இப்ப எங்க நிக்கிற?"

"காரிமங்கலம் பங்க்குல. பின்னால ரெண்டு வண்டி எடம் கெடக்குது."

"அங்கயே படு."

முனகிக்கொண்டே வைத்தான். காலை ஒன்பது நாற்பதுக்குச் சேலம் குடோன் வாசலுக்கு வந்து மறுபடி கூப்பிட்டான். அவனுக்கு முன்னால் ஏழு வண்டி நின்றதாம். மூன்றரைக்கே வந்துவிட்ட முதல் வண்டி டிரைவர் கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறாராம். கேட் இன்னும் திறக்கவில்லை.